ஆற்றுக்கேற்ற தூண்டிற்கோல்

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் முதியோர் வாக்கு. இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளிலே தூண்டிலோடு அமர்ந்திருப்போரைக் கேட்டால், ஆற்றை அறியாமற் கோலைத் தொடாதே என்று அதனை மாற்றிச் சொல்வர். அந்நாட்டிலே தூண்டில் போடுதல் வயிற்றுப் பாட்டுக்கான தொழிலன்று. ஓய்வு நாட் பொழுதுபோக்கு. ஆயினும் அதற்கெனச் சட்டமும் ஒழுக்கமும் நூல்களும் உண்டு. 1653ஆம் ஆண்டிலேயே ஐசாக் வோல்ற்றன் என்பார் இக்கலையைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். அந்நூலில் ஓர் அத்தியாயத்தையே பெற்ற மீன் ‘பார்பல்’ என்பது. அந்த மீனைத் தேடிச் செல்வோர் ஆற்றுக்கு ஆறு, பருவத்துக்குப் பருவம் கோலை மாற்றுவது ஏன் என்பதை அறிய, அங்குள்ள மூன்று நதிகளின் கரைகளுக்குச் சென்று வருவோம்.

முதலில் மீனை அறிமுகஞ் செய்துகொள்வோம். பார்பல், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்டு திரண்ட உடலும், பொன்னும் வெண்கலமுங் கலந்தாற்போன்ற நிறமும், செம்மை படர்ந்த செட்டைகளும் உடையது. அதன் வாயருகே நான்கு மீசைகள் தொங்கும். தாடியைக் குறிக்கும் இலத்தீன் மொழிச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. வாய் கீழ்நோக்கியிருப்பதால், ஆற்றின் அடியிலுள்ள பரலையும் மணலையும் துழாவியே அது இரை தேடும். நீர் கலங்கிக் கண் தெரியாத வேளையிலும் மீசையின் துணையால் இரையை அறியும். விரைந்தோடும் நீரையே அது விரும்பும். பத்து இறாத்தலுக்கு மேற்பட்ட மீன் ஒன்றைப் பிடித்தவர் அந்நாளை நெடுங்காலம் நினைவிற் கொள்வர்.

அவ்வாறு பிடித்த மீனைக் கறி சமைப்பார்களோ என்று நம் இல்லத்தரசிகள் கேட்கக்கூடும். இல்லை. பார்பலின் முட்டை நஞ்சுத் தன்மை உடையது. அதனை உண்டோர் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் வருந்தியதை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். தசையையும் அங்கே எவரும் பெரிதாக விரும்புவதில்லை. இன்று சட்டமும் குறுக்கே நிற்கின்றது. 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பார்பலைத் தூண்டிலாற் பிடித்தவர் அதனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். ஆகவே, பிடித்த மீன் பிழைத்துச் செல்ல வேண்டுமென்பது இவ்விளையாட்டின் முதல் விதியாகின்றது. தூண்டிற்கோலைத் தெரிவதிலுள்ள நுட்பம் முழுவதும் இந்த விதியிலேயே தங்கியிருக்கின்றது.

கோலின் வலிமையை அளப்பதற்கு அங்கே எளிய முறையொன்று உண்டு. கோலின் அடியை அசையாமற் பிடித்து, நுனியிலிருந்து வரும் நரம்பை இழுக்க வேண்டும். நுனி வளைந்து அடிக்குச் செங்கோணமாக நிற்கும்போது, இழுவை எத்தனை இறாத்தல் என்று தராசிலே பார்க்க வேண்டும். அதனைச் ‘சோதனை வளைவு’ என்பர். ஒன்றேகால் இறாத்தற் கோல் மெலிது; இரண்டேகால் இறாத்தற் கோல் வலிது. 1950களில் இவ்வளவைப் பரவச் செய்தவர் ரிச்சர்ட் வோக்கர் என்ற ஆங்கிலேயர். சோதனை வளைவை ஐந்தாற் பெருக்கினால் அக்கோலுக்குப் பொருந்திய நரம்பின் வலிமை கிடைக்கும் என்பது அவர் காலத்து வாய்பாடு. அதன்படி ஒன்றேகால் இறாத்தற் கோலுக்கு ஆறேகால் இறாத்தல் தாங்கும் நரம்பு போதும். நம்மூரிலே தங்கூசி என்று சொல்கிறோமே, அந்த நைலோன் நரம்பே அங்கும் பெரும்பாலும் வழங்குகின்றது. இன்றைய கோல்களும் நரம்புகளும் அக்கணக்குக்குள் அடங்கி நிற்பதில்லை; ஆயினும் கோலும் நரம்பும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டுமென்ற உண்மை மாறவில்லை.

வோக்கர் காலத்துக் கோல்கள் மூங்கிலாலானவை. சீனாவிலிருந்து வந்த உறுதியான மூங்கிலை நீளவாட்டிற் பிளந்து, முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஆறு சிம்புகளை ஒன்றாக ஒட்டி அறுகோணக் கோலாக்குவர். பின்னர்க் கண்ணாடி நாராலான கோல்கள் வந்தன. 1970களில் காபன் நாராலான கோல்கள் வரத் தொடங்கின. அவை எடை குறைந்தவை, விரைந்து நிமிர்பவை. பொருள் மாறினாலும் தெரிவு செய்யும் அறிவு ஆற்றங்கரையிலேயே பிறக்கின்றது.

முதலிற் கென்னற் நதிக்குச் செல்வோம். இலண்டனுக்கு மேற்கே, சுண்ணக் குன்றுகளின் அடியில் ஊறும் நீர் திரண்டு, சுமார் 45 மைல் ஓடி, ரெடிங் நகரிலே தேம்ஸ் நதியோடு கலக்கின்றது. இங்கு பார்பல் தொன்றுதொட்டு வாழும் மீன். முன்னொரு காலத்திற் பிரித்தானியா ஐரோப்பாக் கண்டத்தோடு இணைந்திருந்தது. அப்போது கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகளின் வழியாகவே இம்மீன் வந்து சேர்ந்தது என்று அறிஞர் கூறுவர்.

கோடைகாலத்திலே கென்னற்றின் நீர் தெளிந்திருக்கும். அடியிலுள்ள பரலை எண்ணலாம்போலத் தோன்றும். நீர்ப்பாசிகள் நீண்ட கூந்தலென ஓட்டத்தில் அலைந்துகொண்டிருக்கும். அவற்றிற் சிலவகை வெண்மலர் பூக்கும். கரையிலே மரங்கள் கவிந்து நிற்கும். பாசிகளுக்கிடையிலுள்ள வெளியிலே பார்பல் நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். அதுவும் நம்மைக் காணும். இத்தகைய இடத்திலே தடித்த நரம்பும் பெரிய ஈயக்குண்டும் மீனை வெருட்டிவிடும். ஆதலாற் பதினோரடி நீளமும் ஒன்றேகால் இறாத்தல் வளைவுமுள்ள கோலைத் தெரிவர். மரக்கிளைகள் தாழ்ந்த இடங்களில் இன்னுங் குறுகிய கோலே வசதி. மிதவையை ஓட்டத்தோடு மிதக்க விட்டுத் தொடர விரும்புவோர் மட்டும் பதின்மூன்றடிக் கோலை எடுப்பர். நீண்ட கோல் நரம்பை நீர்மேற் படாமல் உயர்த்திப் பிடிக்க உதவும்.

மெலிந்த கோல் என்பதால் வலுவில்லாத கோல் என்று கொள்ளலாகாது. தூண்டிலிற் பட்ட பார்பல் நேரே பாசிக்குள்ளும் வேர்களுக்குள்ளும் பாயும். அங்கே நரம்பு சிக்கி அறுந்தால், வாயிலே முள்ளோடும் பின்னே நரம்போடும் அந்த மீன் அல்லலுறும். ஆகவே நுனி இளகியும், நடுப்பகுதி படிப்படியாக உறுதி பெற்றும், அடி தளராமலும் உள்ள கோலே நல்லது. இத்தகைய வளைவுடைய கோலுக்கு, ஹம்ஷயர் மாகாணத்திலோடும் ஏவன் நதியின் பெயரையே இட்டு வழங்குகின்றனர்.

அடுத்தது செவேர்ன். வேல்ஸ் நாட்டு மலையிலே தோன்றி 220 மைல் ஓடும் இந்நதி பிரித்தானியாவின் மிக நீண்ட ஆறு. மேற்கே கடலையடையும் இந்நதியிலே பார்பல் இயற்கையாக இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டில், ‘ஆங்கிளிங் டைம்ஸ்’ என்ற பத்திரிகையின் முயற்சியாற் கென்னற்றிலிருந்து சில நூறு பார்பல்கள் கொண்டுவரப்பட்டுச் செவேர்னிலே விடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகி ஆற்றின் நெடுந்தூரம் பரவிவிட்டன.

இந்நதிக்கரையிலுள்ள பியூட்லி என்ற சிற்றூர் காணத் தக்கது. தோமஸ் ரெல்வேட் என்ற பொறியியலாளர் 1798இற் கட்டிய கற்பாலமும், கரையை ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய வீடுகளும் அதற்கு அழகு தருகின்றன. பள்ளத்தாக்கு வழியே இன்றும் நீராவி இரயில்கள் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஆனால் வேல்ஸ் மலைகளிற் பெருமழை பெய்தால், ஊரிலே வெயிலெறித்தாலும் ஆறு பெருகும். வெள்ளம் வீடுகளுட் புகாதிருக்க, வேண்டும்போது பூட்டிப் பின் கழற்றி வைக்கத்தக்க தடுப்புச் சுவர்களை அவ்வூரிற் பயன்படுத்துகின்றனர்.

நீர் செம்மண்ணிறங் கொண்டு ஓரிரண்டடி உயர்ந்த வேளையே செவேர்னிற் பார்பலுக்கு நல்ல வேளை. கலங்கிய நீரில் மீனுக்கு அச்சம் குறையும். நடு ஆற்றின் வேகத்தைத் தவிர்த்துக் கரையோரத்து அமைதியான நீருக்கு அது ஒதுங்கும். தகரத்திலடைத்த இறைச்சித் துண்டுபோன்ற மணமுள்ள இரையை மீசையால் அறிந்து வரும். இங்கே கென்னற்றின் மெலிந்த கோல் பயன்படாது. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் நரம்பின்மேல் நீர் செலுத்தும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். மாணவர்கள் இதனைப் பௌதிக பாடத்திலே படித்திருப்பர். அந்த விசைக்கு ஈடாக இரண்டு மூன்று அவுன்ஸ் ஈயம் வேண்டும். அந்த ஈயத்தை எறியவும், மீனை ஓட்டத்துக்கெதிராகக் கொண்டுவரவும் பன்னிரண்டடி நீளமும் ஒன்றேமுக்கால் இறாத்தல் வளைவுமுள்ள கோல் தகும். கென்னற்றிலே கோலின் நுனியைத் தாழ்த்தி வைப்பர். இங்கே அதனை வானை நோக்கி நிமிர்த்தி வைப்பர். நரம்பு நீரிற் படும் நீளம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு விசையும் குறையும்; மிதந்துவரும் சருகுகள் சிக்குவதும் குறையும்.

மூன்றாவது நதி ட்ரென்ற். ஸ்ரபோட்ஷயரிலே தோன்றி, நொட்டிங்காம், நியூவார்க் முதலிய நகரங்களைக் கடந்து, சுமார் 185 மைல் ஓடும் பேராறு இது. கைத்தொழில் நகரங்களின் கழிவு நீராற் கெட்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நதியின் பல பகுதிகள் மீனற்றுக் கிடந்தன. பின்னர்க் கழிவைத் தூய்மை செய்யும் ஏற்பாடுகள் திருந்தத் திருந்த ஆறும் உயிர் பெற்றது. ஒருகாலத்திலே கரை நெடுக நிலக்கரி மின்னிலையங்கள் நின்றன. அவற்றுள் எஞ்சியிருந்த ரற்கிளிவ் நிலையமும் 2024 செப்ரெம்பரில் மூடப்பட்டது. இன்று பெரிய பார்பலை நாடுவோர் முதலிற் சொல்லும் பெயர்களுள் ட்ரென்றும் ஒன்று.

நியூவார்க்குக்குக் கீழேயுள்ள குரொம்வெல் அணைக்குப் பின் இவ்வாற்றிற் கடலின் வற்றுப்பெருக்கு ஏறி இறங்கும். அகன்ற ஆறு, ஆழ்ந்த ஓட்டம், சேறு படிந்த செங்குத்தான கரை. இங்கே நான்கு முதல் ஆறு அவுன்ஸ் வரை ஈயமிட்டாலன்றி இரை ஓரிடத்தில் நில்லாது. கோலும் பன்னிரண்டு அல்லது பதின்மூன்றடி நீண்டு, இரண்டேகால் இறாத்தலோ அதற்கு மேலோ வளைவுடையதாக இருத்தல் வேண்டும். மாரிகால வெள்ளத்தில் இங்கே தனியே செல்வது அறிவுடைமையன்று. எவ்வளவு வலிய கோலாயினும், சேற்றிலே கால் வழுக்கி ஆற்றில் வீழ்ந்தவரைக் காக்க மாட்டாது. அடித்துவரும் மரங்களும், நிலைகொள்ளாத ஈயமும், மேன்மேலும் ஏறும் நீருங் கண்டால் எந்தக் கோலையும் எடுக்காது திரும்புவதே அன்றைய தெரிவு.

ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்தபோது, நம் ஆறுகளிலே பார்பலின் உறவான பெருமீனொன்றைக் கண்டு வியந்தனர். அதுவே மஹசீர். சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஹென்றி சலிவன் தோமஸ் என்பவர், இந்தியாவில் தூண்டில் போடுதலைப் பற்றி 1873இல் எழுதிய நூலிலே அதற்குப் பெருமதிப்புக் கொடுத்தார். அவ்வினத்து மீன் நமது மகாவலி கங்கையிலும் வாழ்கின்றது. காவிரியில் வாழும் திமில் முதுகு மஹசீரோ, முற்றாக அழியுந் தறுவாயிலுள்ள மீனெனச் சருவதேசப் பட்டியலிலே சேர்க்கப்பட்டுவிட்டது. பிடித்த மீனைப் பிழைக்க விடும் ஒழுக்கம் நமக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

அவ்வொழுக்கத்துக்கும் கோலின் வலிமைக்கும் உள்ள தொடர்பு இதுதான். மெலிந்த கோலைக் கொண்டு பெரிய மீனோடு நெடுநேரம் மல்லாடி வெல்வதே வீரமென்று சிலர் எண்ணுவதுண்டு. பார்பலோ இறுதி மூச்சுவரை போராடும் இயல்புடையது. போராட்டம் நீள நீள அதன் வலிமை முழுவதும் வற்றிப்போகும். விட்ட பின்னும் நீந்த மாட்டாது மல்லாந்து ஓட்டத்தோடு மிதந்து மடிவதும் உண்டு. மறுபுறத்தில், சிற்றாற்றுக்கு மிக விறைத்த கோலைக் கொண்டுபோனால், அது வளைந்து கொடாமல் வாயைக் கிழிக்கும். அல்லது நரம்பை அறுத்துவிடும். மீனைக் கிழிக்காமலும் களைக்க வைக்காமலும் விரைவிற் கரை சேர்க்கும் கோலே ஆற்றுக்கேற்ற கோல்.

கடுங்கோடையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெப்பமேறிய நீரிலே ஒட்சிசன் குறையும். 2022 யூலை 19ஆந் திகதி இங்கிலாந்திலே வெப்பம் முதன்முறையாக 40 பாகை செல்சியசைக் கடந்தது. அத்தகைய நாட்களிற் பொருத்தமான கோலாலும் மீனைக் காப்பாற்ற முடியாதென அறிந்தோர் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுவர்.

மேற்படிப்புக்காக அந்நாடு செல்லும் நம் மாணவர் இக்கலையிற் பழக விரும்பினால், ஆண்டின் சில நாட்களை மனத்திற் கொள்ள வேண்டும். மார்ச் 15 முதல் யூன் 15 வரை ஆறுகளிற் பார்பல் முதலிய மீன்களைப் பிடிக்கத் தடையுண்டு; அது அவை முட்டையிடுங் காலத்தைக் காக்க ஏற்பட்டது. பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளோர் உத்தரவுச் சீட்டுப் பெற வேண்டும். பதினாறு வயது வரை அதற்குக் கட்டணமில்லை. கரைக்குரியவரின் அனுமதியும் வேண்டும். கோல் வாங்கும் முன் அவ்வாற்றிற் பழகிய ஒருவரோடு ஒரு நாள் சும்மா சென்று அமர்ந்திருப்பது நன்று. நடுத்தரமான ஒன்றேமுக்கால் இறாத்தற் கோலொன்று தொடக்கத்துக்குப் பெரும்பாலும் போதும்.

மீன் வலைக்குள் வந்த பின் பழகியவர் செய்வதைக் கவனியுங்கள். அதனை நீரைவிட்டுத் தூக்க அவசரப்படார். முள்ளை மெல்லக் கழற்றி, ஓட்டத்தை எதிர்நோக்கித் தலை நிற்குமாறு இரு கைகளாலுந் தாங்கிக்கொண்டு நிற்பர். செவுள்கள் சீராக அசைந்து, வால் வலுப்பெற்று, தானே உந்திச் செல்லும்வரை, சில நிமிடமாயினும் பல நிமிடமாயினும், அப்படியே நிற்பர். மீன் ஆழத்தில் மறைந்த பின்னரே மீண்டுங் கோலைக் கையிலெடுப்பர்.