பட்டான்செருவின் துவரை வயல்கள்

ஏழையின் இல்லத்தும் செல்வரின் இல்லத்தும் ஒருங்கே இடம்பெறும் உணவு பருப்பு. மீனும் இறைச்சியும் வாங்க வகையற்ற கோடிக்கணக்கான மக்களுக்கு உடலை வளர்க்கும் புரதத்தை அளிப்பவை அவரையினப் பயிர்களே. அவற்றுள் ஒன்றான துவரையைப் புழுவின் வாயினின்றும் காக்க நடைபெறும் நெடும் போராட்டத்தைக் காண விரும்புவோர் தெலுங்கானா மாநிலத்துப் பட்டான்செருவுக்குச் செல்லுதல் வேண்டும்.

ஐதராபாத் நகருக்கு வடமேற்கே அமைந்த அவ்வூரில், 1972 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற 'இக்ரிசாற்' என்னும் அனைத்துலகப் பயிராராய்ச்சி நிலையம் உள்ளது. கரிசலும் செம்மண்ணும் ஒரே வளவில் அமைந்திருப்பது அதன் சிறப்பு. நாம் சென்றது கார்த்திகை மாதம். ஆளுயரம் வளர்ந்த துவரைச் செடிகள் மஞ்சட் பூக்களைச் சொரிந்து நின்றன.

ஆனால் அப்பூக்களை நாடி இரவில் ஓர் அந்துப்பூச்சி வருகிறது. அது இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழு, காயைத் துளைத்துத் தலையை மட்டும் உள்ளே நுழைத்து, பருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்கிறது. பருத்தி, தக்காளி, கடலை ஆகியவற்றையும் அது விட்டுவைப்பதில்லை. இப்புழு பீடைநாசினிகளுக்கு அஞ்சாத வலிமை பெற்றுவிட்டமை 1987 அளவில் ஆந்திரத்திற் புலனாயிற்று. மருந்துக்குக் கடன்பட்டும் விளைச்சலை இழந்த பருத்தி விவசாயிகள் சிலர் அக்காலத்தில் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

மருந்து கைவிட்ட இடத்தில் வித்தே காவலாகுமா? இவ்வினாவுக்கே இங்கு விடை தேடுகின்றனர். நிலையத்தின் குளிரறைகளில் 13,000க்கு மேற்பட்ட துவரை வித்து மாதிரிகள் பேணப்படுகின்றன. மருந்து தெளியாத வயல்களில் அவற்றை விதைத்து, புழுவின் தாக்குதலுக்கு ஈடுகொடுத்தவற்றைத் தெரிந்தெடுக்கின்றனர். ஆய்வுகூடத்திலோ ஓர் இலையைக் கூழில் நட்டு, பிறந்த புழுக்களை அதன்மேல் விட்டு மூடுகின்றனர். சில நாட்களின் பின் சேதத்துக்கு 1 முதல் 9 வரை புள்ளியிடுகின்றனர். குறைந்த புள்ளி பெறுவதே இப்பரீட்சையிற் சித்தி! இவ்வாறு தேறிய துவரை இனமொன்று 1989 இல் 'அபயா' என்னும் பெயருடன் ஆந்திர விவசாயிகளின் கையைச் சேர்ந்தது. அச்சமற்றது என்பது அப்பெயரின் பொருள்.

கடலைச் செடியின் காவல் வேறு வகையானது. காலிமுகத் திடலில் நாம் கொறிக்கும் அக்கடலையின் இலைகள் மலிக்கமிலமும் ஒக்சாலிக்கமிலமும் கலந்த புளிப்பு நீரைக் கசிகின்றன. வட இந்தியக் குடியானவர் முன்னாளில் இரவிற் செடிகளின்மேல் மெல்லிய துணியை விரித்து, காலையிற் பிழிந்து, அந்நீரை வினாகிரியாகவும் மருந்தாகவும் கொண்டனர். அப்புளிப்பு மிகுந்த இனங்களிற் புழுவின் சேதம் குறைவு.

எனினும் முற்றாகப் புழுவை வெல்லும் துவரை பயிரிடப்படும் இனங்களில் அகப்படவில்லை. ஆகவே அறிஞர் காட்டை நோக்கினர். பயிர்த் துவரையின் காயிலுள்ள உரோமங்கள் சில சுரக்கும் பொருள்கள் புழுவின் பசியைத் தூண்டுகின்றன. காட்டுத் துவரைக் கொடி ஒன்றிலோ, சுரப்பியற்ற உரோமங்கள் அடர்ந்து வேலிபோல் நிற்க, இளம்புழு காயின் தோலை எட்டமாட்டாது மடிகிறது. இவ்விரண்டையும் கலந்தாற் காவலுடன் காட்டுக் கொடியின் சிறிய வித்தும் கூடவே வந்துவிடுகிறது. வேண்டாதவற்றைக் களைந்து வேண்டியதை நிறுத்தப் பல தலைமுறைகள் கடத்தல் வேண்டும். வயலில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஓராண்டு கழிகிறது. இன்று தொடங்குபவரின் பயனை நாளை வேறொருவரே காண்பார்.

அக்காட்டுத் துவரை நம் இலங்கையிலும் தானாக முளைப்பதொன்று. மாணவர்களே, பற்றையென வெட்டியெறியும் கொடியிலும் ஓர் ஊரின் உணவைக் காக்கும் ஆற்றல் உறங்கக்கூடும். காட்டை அழிப்போர் மரத்தை மட்டும் அழிப்பதில்லை. நாளைய விவசாயியின் காவலையும் அதனுடன் அழித்துவிடுகின்றனர்.