தரைக்கு அடியில் இருக்கும் வேலை

கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மழுங்கிய பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே மேஸ்திரி நடந்தார். வாசற்படி ஓரமாகக் கெட்டியான சத்தம் வந்தது. நான்கு அடி தள்ளி, காரின் பின்சக்கரம் நிற்கும் இடத்தில், சத்தம் பொக்கையாக மாறியது. அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை தட்டிவிட்டு, "கீழ ஒண்ணுமே இல்லம்மா. மேல இருக்கிற ரெண்டு அங்குலம் சும்மா நின்னுக்கிட்டு இருக்கு" என்றார்.

சென்னை மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு அது. கட்டி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் காலத்தில் போர்டிகோவில் நிற்கப்போவது ஒரு சைக்கிளும் ஒரு ஸ்கூட்டரும்தான் என்று எண்ணி, மணலை நிரப்பி, செங்கல் ஜல்லியைப் பரப்பி, மேலே இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் தரை இழுத்திருக்கிறார்கள். அந்த எடைக்கு அது போதும். இப்போது அங்கே மகனின் ஒன்றரை டன் கார் நிற்கிறது. சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் தரை பாளம் பாளமாக வெடித்து, பெருக்கினால் சாம்பல் நிறத் தூசி கிளம்பிக்கொண்டே இருந்தது.

பிரேக்கர் இயந்திரம் வந்து அரைமணி நேரத்தில் தரையைப் பிளந்தது. அடியில் பார்த்தது எனக்குப் புதிது. மொட்டைமாடி மழைநீர்க் குழாய் மண்ணுக்குள் எங்கோ உடைந்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தண்ணீர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயிருக்கிறது. போதாததற்குப் பெருச்சாளி வளை வேறு, தெருச் சாக்கடை வரைக்கும் நீளமாக. கையை விட்டால் மூன்று அங்குலத்துக்கு வெறும் இடைவெளி. ஆசிரியை அம்மா இதற்கு முன்பு வெடிப்புகளில் மூன்று நான்கு தடவை சிமெண்ட் பால் ஊற்றி அடைத்திருந்தார். பூசிய இடம் அப்படியே இருக்க, அதை ஒட்டிப் புது வெடிப்பு விட்டிருந்தது. தரை உடைகிறதென்றால் நாம் தரையைத்தான் பார்க்கிறோம், உடைந்திருந்தது மண்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. வீடு கட்டியவர்கள் பேசும்போது டைல்ஸ் எந்தக் கடை, பாலிஷ் எப்படி என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தரை எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் இரண்டு: முதலில் மண்ணைக் குத்துவது, கடைசியில் தண்ணீர் கட்டுவது. இரண்டையும் செய்பவர்கள் அந்த இடத்திலேயே குறைந்த கூலி வாங்குகிறவர்கள்.

முதல் வேலையில் முதல் நாளே சச்சரவு. எடுத்த மண்ணுக்குப் பதில் ஒரு அடி உயரத்துக்குக் கிராவலை மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் விட்டுவிடலாம், தானாக உட்கார்ந்துவிடும் என்று மேஸ்திரி சொன்னார். சுத்தமான மணலுக்கு அது ஓரளவு சரி. களிமண் கலந்தால் தண்ணீரில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மறுபடி இடைவெளி விடும். ஆசிரியை அம்மாவின் தம்பி பொதுப்பணித் துறையில் இருந்தவராம். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துக் குத்தின பிறகே அடுத்தது என்று நிறுத்திச் சொன்னார். பெரியாட்கள் இருவர் திமிசுக் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். மூச்சு வாங்கும் வேலை. எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். "கட்டை எகிறணும் சார். மண்ணு வாங்கிக்கிச்சுன்னா இன்னும் குத்தணும். எகிறுச்சுன்னா போதும்" என்றார் இளையவர்.

இதற்கிடையில் தெருவின் கதை ஒன்று இருக்கிறது. வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டியிருந்ததாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, இன்று ஒரு படிதான் மிச்சம். சென்னையில் பல தெருக்களின் நிலை இதுதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தவைதான். ஆகவே போர்டிகோவையும் ஆறு அங்குலம் தூக்க வேண்டியதாயிற்று. இரும்பு கேட்டின் அடிப்பக்கத்தை வெல்டிங்காரர் வந்து வெட்டிக் குட்டையாக்கினார். வீட்டுச் சுவரிலிருந்து கேட் வரைக்கும் 18 அடி. எட்டு அடிக்கு ஒரு அங்குலம் வீதம் வாட்டம் கொடுத்தால் கேட்டருகே இரண்டேகால் அங்குலம் இறங்க வேண்டும், இறங்கியும் தெருவை விட உயரமாக நிற்க வேண்டும். ட்யூப் லெவலை இரண்டு பக்கமும் பிடித்து, சுவரில் கரிக்கோடு போட்டு, நூல் கட்டிவிட்டுத்தான் மேஸ்திரி டீ குடிக்கப் போனார். இந்தக் கணக்கில் அவருக்குத் தாள் தேவைப்படவில்லை.

மண்ணுக்கு மேல் பாலிதீன் ஷீட் விரித்தார்கள். மண் ஈரம் மேலே ஏறாமலும், கலவையின் தண்ணீரை மண் உறிஞ்சாமலும் இருக்க. தூண்களைச் சுற்றித் தெர்மாகோல் பட்டை வைத்தார்கள். தூண் அஸ்திவாரத்தில் நிற்கிறது, தரை மண்ணில் கிடக்கிறது; இரண்டையும் ஒட்டவிட்டால் ஒன்று அசையும்போது மற்றொன்று வெடிக்கும். கம்பி வலையைக் கவர் பிளாக் மேல் ஏற்றி வைத்தார்கள். கலவை கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி அடியில் படுத்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. மிதிக்காமல் நடக்கப் பலகை போட்டவர் ஒரு சித்தாள் அக்கா. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கான்கிரீட் போட்ட நாளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இடம் 10 அடிக்கு 18 அடி, கனம் 5 அங்குலம். கணக்குப் போட்டால் 75 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் ஏறத்தாழ 17 மூட்டை சிமெண்ட். கெட்டியான பிறகு அதன் எடை ஐந்து டன். மிக்சர் இயந்திரத்தைத் தெருவில்தான் நிறுத்த முடிந்தது. அங்கிருந்து பாண்டு பாண்டாகத் தலையில் சுமந்தவர்கள் நான்கு பெண்கள். ஒரு பாண்டு கலவை ஏறத்தாழ பதினைந்து கிலோ; ஆக முந்நூறு பாண்டுக்கு மேல். புடவைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டைச் சுருட்டிய சும்மாடு, காலில் ரப்பர் செருப்பு. பலகை போட்ட அக்கா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை.

காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, கலவை பரப்புகிறவர்கள் "தண்ணி சேர்ப்பா" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், அதுவும் எம்-சாண்டின் ஈரத்தைக் கழித்துக்கொண்டு என்பதுதான் பேச்சு. தண்ணீர் கூடினால் கலவை தானாக ஓடும், மட்டப்பலகை இழுப்பது சுலபம். ஆனால் சிமெண்ட் தனக்கு வேண்டிய அளவுதான் எடுத்துக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆகும். அந்தத் தரைதான் இரண்டு வருடத்தில் தூசி கக்கும்.

அக்காதான் முதலில் நின்றார். பாண்டை இறக்காமலே, "மேஸ்திரி, தண்ணி ஜாஸ்தியா வருது, பாருங்க" என்றார். மேஸ்திரி வந்து பார்த்தார், மிக்சர்காரரைத் திட்டினார், அடுத்த கலவை கெட்டியாக வந்தது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தின் பின்பக்கம் தோல் கறுத்து, வரிவரியாகத் தடித்திருந்தது.

"தண்ணி அதிகமா ஊத்துன கலவை தலையில ஏறும்போதே தெரிஞ்சிடும் தம்பி. பாண்டுல தளும்பும். கழுத்து வழியா பால் இறங்கும். ராத்திரி எரிச்சல்ல தூக்கம் வராது."

"கெட்டிக் கலவைன்னா?"

"கனமாத்தான் இருக்கும். ஆனா தளும்பாது."

ஈர சிமெண்ட் கடுமையான காரம். தோலில் தங்கினால் அரிக்கும், நாள்பட்டால் புண்ணாக்கும். கலவையின் இளக்கத்தை அளக்க இன்ஜினியர்கள் ஒரு அடி உயர இரும்புக் கூம்பு வைத்திருக்கிறார்கள். நிரப்பித் தூக்கினால் கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பார்கள். வீட்டு வேலைக்கு அந்தக் கூம்பு வருவதே இல்லை. அன்றைக்கு அந்தச் சோதனையைச் செய்தது இந்தக் கழுத்துதான். அதற்கு அவருக்குக் கூலியில் ஒரு ரூபாயும் கூடவில்லை.

மட்டப்பலகை இழுத்த பிறகு மேலே தண்ணீர் கசிந்து நின்றது. அவசரக்காரர்கள் இந்த நேரத்தில் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்து முடித்துவிடுவார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பிறகு தோல் உரிவதுபோல் உரியும். இந்த மேஸ்திரி தூவவில்லை. தண்ணீர் தானாக வற்றும் வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு மணியாசுக் கட்டையால் ஒரு சுற்று, இரும்புக் கரணையால் ஒரு சுற்று, கடைசியில் கார் வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் குறுக்கே கோடு. குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவர் கை சுத்தமான கை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலை தரையின் நடுவில் குறுக்கே ஒரு கோடு வெட்டினார்கள், ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் எங்காவது வெடிக்கத்தான் செய்யும். அதை நாம் காட்டிய இடத்தில் வெடிக்க வைப்பதற்கே இந்தக் கோடு. வெட்டும்போது கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும், அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டினால் தூள் அடங்கும். கட்டர் பிடித்த பையன் முகத்தில் கைக்குட்டைதான் கட்டியிருந்தான், அதனால் அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. மண்ணில் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தேக்கினார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நாளே இதை விட்டுவிடுகிறார்கள். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் என்று குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. கடையில் நாம் வாங்கும் மூட்டை பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆனால் ஒப்பந்தத்தில் இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது, அது வீட்டுக்காரர் பாடு. மேஸ்திரியும் ஆட்களும் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். இங்கே அக்கா ஒரு காரியம் செய்தார். தான் பக்கத்தில் வேளச்சேரியில்தான் இருப்பதாகவும், காலை மாலை வந்து தண்ணீர் விடுவதாகவும், அதற்கு அரை நாள் கூலி வேண்டும் என்றும் ஆசிரியை அம்மாவிடம் நேரடியாகப் பேசினார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. அம்மா ஒத்துக்கொண்டார்.

அந்த மாலைகளில் ஒன்றில்தான் அவரிடம் நிதானமாகப் பேச முடிந்தது. 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து, 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்த மாநிலம் இது. அக்காவிடமும் வாரிய அட்டை இருக்கிறது. மகள் படிப்புக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, அதை நன்றியோடு சொன்னார். அட்டையில் தொழில் என்ற இடத்தில் சித்தாள் என்றிருக்கிறது. மேஸ்திரியும் பதினாறு வயதில் பாண்டு தூக்கத்தான் வந்தவர். ஐந்தாறு வருடத்தில் கரணை அவர் கைக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு இருபது வருடத்திலும் வரவில்லை.

"யார் குடுப்பாங்க? பொம்பள பூசினா கோணும்னுவாங்க" என்றார். பிறகு, ஊரில் தன் வீட்டுத் தரையைத் தானும் தங்கையும் சேர்ந்தே போட்டதாகச் சொன்னார். ஒன்பது நாள் சாக்கு நனைத்துப் போட்டார்களாம். இன்றுவரை ஒரு முடி வெடிப்பு இல்லை.

வீட்டுக்குள் கூடத்தில் பழைய ரெட் ஆக்சைடு தரை இருக்கிறது. நடைபாதையில் நிறம் மங்கி, ஜன்னலோரம் ஒரு கீறல். அதையும் உடைத்து டைல்ஸ் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி விலை சொல்லியிருந்தார். பத்தாம் நாள் பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்த பிறகு, ஆசிரியை அம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடம் முழுக்க நடந்தார், நாலைந்து இடத்தில் குனிந்து விரல் கணுவால் தட்டினார். எங்கும் பொக்கைச் சத்தம் இல்லை. "அடி கெட்டியா இருக்கும்மா. ஒட்டுப் போட்டா நிறம் சேராது, அந்தக் கீறலை அப்படியே விடுங்க. தேங்காயெண்ணெய் வச்சுத் தேய்ச்சு விட்டா இன்னும் இருபது வருஷம் வரும். உடைக்காதீங்க" என்றார்.

டைல்ஸ் வேலையை அம்மா நிறுத்திவிட்டார். கார் மட்டும் 28 நாள் முடியும்வரை தெருவில் நின்றது.