தைப்பூசத்துத் தமனே

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் தைப்பூசம் என்றால் அடுப்பு வாசலுக்கு வந்துவிடும். கருங்கல் கூட்டி, கல்யாண வீட்டு இரும்புச் சட்டியை ஏற்றி, ஆயா தமனே கிண்டும். எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வைக்கிற இந்தப் பண்டத்தை பர்மாவில் புத்தருக்குப் படைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது தபோத்வே மாதத்துப் பௌர்ணமி. நமக்கு அநேகமாக அதே பௌர்ணமிதான் தைப்பூசம். புத்தருக்கு உரியதை முருகனுக்கு வைக்கலாமா என்று எதிர்வீட்டுப் பெரியவர் ஒருமுறை கேட்டபோது, ஆயா விறகைத் தள்ளிக்கொண்டே, "நிலா ஒண்ணுதானேய்யா" என்றது. அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. இலையில் வந்ததைச் சாப்பிட்டார்.

ஆயா பிறந்தது பர்மாவில், மோல்மேனுக்கு வடக்கே இருக்கும் தட்டோனில். அதன் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வயல் வேலைக்குக் கப்பலேறிப் போனவர். தாத்தா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். பின்னால் கடைகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கடையும் இல்லை, பெட்டியில் இருந்த பணமும் பணமில்லை என்றான பிறகு, தாத்தா பிள்ளைகுட்டிகளோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். நகையை விட்டுவிட்டுத்தான் கப்பலேற வேண்டியிருந்தது. தமனே கிண்டுகிற இரண்டு மரத்துடுப்புகளை யாரும் தடுக்கவில்லை. ஆள் இடுப்பு உயரம், தலைப்பக்கம் அகலம். எங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்த மரச்சாமான் அவை மட்டும்தான்.

தமனேவுக்கு ஒட்டுகிற அரிசி வேண்டும். பர்மாவில் போடுகிற வெள்ளை ஒட்டரிசி அப்போது சென்னைக் கடைகளில் கிடைக்காது. காரைக்குடிக்குப் போய்வருகிற ஒரு மாமாவிடம் சொல்லிவைத்து, ஆயா கவுனி அரிசி வாங்கும். கறுப்பாக இருக்கும் அந்தக் கவுனியும் செட்டியார்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாகத்தான் சொல்வார்கள். முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிட்டால், விடிவதற்குள் பாத்திரத்துத் தண்ணீர் நாவற்பழச் சாறு நிறத்துக்கு வந்திருக்கும். காலையில் சட்டி நிறையக் கடலெண்ணெய் காயும். அதில் பல்லுப் பல்லாகக் கீறின தேங்காயைப் போட்டுச் சிவக்க எடுத்து ஒதுக்கிக்கொள்ளும் ஆயா. அடுத்தது வேர்க்கடலை. பிறகு நீளநீளமாக அரிந்த இஞ்சியை எண்ணெயில் விட்டதும் தெருமுனை வரைக்கும் வாசம் போகும். விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட வேறு ஆள் வேண்டியதில்லை. அந்த எண்ணெயிலேயே அரிசியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, வாழையிலையால் மூடி, மேலே தட்டு போட்டு வேகவிடும்.

வெந்தபிறகு ஆம்பிளைகள் வேலை. அப்பாவும் சித்தப்பாவும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரெதிராக நின்று துடுப்பைப் பிடிப்பார்கள். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் தூக்க வேண்டும். சோறு மசிந்து, பசையாகித் துடுப்பைக் கவ்வ ஆரம்பித்ததும் தேங்காய், கடலை, வறுத்த வெள்ளை எள் எல்லாம் உள்ளே போகும். கையெல்லாம் நடுங்கிப்போய் அப்பா, "போதுமாம்மா?" என்பார். ஆயா சட்டியின் ஓரத்தைப் பார்க்கும். எண்ணெய் பிரிந்து விளிம்பில் மினுங்கினால்தான் போதும். இல்லையென்றால், "இன்னும் கொஞ்சம்டா" என்று பதில் வரும்.

தமனேவில் இனிப்பு கிடையாது, உப்புதான். பிள்ளைகள் நாங்கள் வெல்லம் கேட்டு அழுதிருக்கிறோம். ஆயா கொடுத்ததில்லை. மென்றுகொண்டே இருந்தால் எள்ளும் இஞ்சியும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வரும் என்று சொல்லும். அது உண்மை. எனக்கு அது பிடிபட வயது வேண்டியிருந்தது.

முருகனுக்குத் தீபாராதனை காட்டினதும் வீட்டில் ஓர் அவசரம் பற்றிக்கொள்ளும். தூக்குச்சட்டியில் தமனேவை அடைத்துக்கொண்டு ஆயாவும் நானும் எழும்பூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். கென்னத் லேனில் மகாபோதி சங்கம் இருக்கிறது. பிக்குகள் உச்சிவேளைக்குமேல் சாப்பிடமாட்டார்கள், அதற்குள் போய்ச் சேர வேண்டும். பஸ் நின்று நின்று போனால் ஆயா தவித்துப்போகும். அங்கே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், முழங்காலிட்டு, மூன்றுதரம் தலையைத் தரையில் வைத்து எழுந்திருக்கும். நெற்றியில் காலையில் பூசின விபூதி அப்படியே இருக்கும். அங்கே யாரும் அதை ஒரு விஷயமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

எங்கள் தெருவில் பாதிப்பேர் கப்பலில் வந்தவர்கள்தான். சாயபு வீடும் இருந்தது, வேதக்கார வீடும் இருந்தது. நோன்புக் கஞ்சி மாலையில் பித்தளைச் செம்பில் வரும். பெருநாளன்று டான்பாவ் என்கிற பர்மாப் பிரியாணி வரும். ஆனால் நான் ஏங்கிக் காத்திருந்தது கிறிஸ்துமஸுக்குத்தான். அடுத்த வீட்டு மேரி அத்தை சன்வின் மக்கின் செய்யும். ரவையைச் சிவக்க வறுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் நெய்யும் விட்டு, கரண்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டி, தட்டத்தில் பரப்பி, மேலே கசகசா தூவும். அதோடு முடிந்திருந்தால் அது கேசரி. அத்தை அந்தத் தட்டத்தைக் கரியடுப்பில் வைத்துத் தகரத்தால் மூடி, தகரத்தின்மேலும் கனிந்த கரியை அள்ளிப் பரப்பும். கீழும் நெருப்பு, மேலும் நெருப்பு. திறந்தால் மேல்பக்கம் தேன் நிறத்தில் முறுகி, கசகசா வெடித்திருக்கும். சூடு ஆறித்தான் வெட்ட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆறுகிற வரைக்கும் சுவரோரமாக உட்கார்ந்திருப்போம்.

சித்திரைப் பிறப்பில் இரட்டைக் கொண்டாட்டம். பர்மாவில் அந்த நாட்களில்தான் திஞ்ஞான் என்னும் தண்ணீர்த் திருவிழா, அது முடிந்ததும் அவர்களுக்கு வருஷப்பிறப்பு. காலையில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ. மதியத்துக்கு மேல் மோன்லோன்யேபோ. ஒட்டரிசி மாவு உருண்டைக்குள் பனைவெல்லத் துண்டு ஒன்றைப் பொதிந்து கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். வெந்தது மிதந்து மேலே வரும். அரித்தெடுத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டினால் வேலை முடிந்தது. நம் கொழுக்கட்டைக்கு நெருங்கின சொந்தம். ஒன்றிரண்டு உருண்டைக்குள் வெல்லத்துக்குப் பதில் ஊசிமிளகாயை வைத்துவிடுவது பர்மா வழக்கம். யார் வாயில் விழும் என்று தெரியாது. எங்கள் வீட்டில் அது சித்தப்பா வாயில் விழும்படி ஆயா எப்படியோ பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி விளையாடத்தான் முடியாது. வியாசர்பாடியில் ஏப்ரல் மாதம் குடத்துத் தண்ணீருக்கே வரிசை. ஆயா சொம்பிலிருந்து ஒரு கை அள்ளி எங்கள் தலையில் தெளித்து, "நல்லாரு கண்ணு" என்று சொல்வதோடு சரி.

அத்தோவை இன்றைக்குச் சென்னையில் தெரியாதவர்கள் குறைவு. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரை ஒட்டின தெருக்களில் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் புளித்தண்ணியும் பொரித்த வெங்காயமும் பேஜோ என்கிற தட்டையுமாகக் கையால் பிசைந்து கொடுக்கிறார்கள். வாழைத்தண்டு போட்ட சூப் கூடவே வரும். மொயிங்கா என்கிற நூடுல்ஸ் சூப்பும் சில இடங்களில் கிடைக்கிறது. பிழைக்க வந்தவர்கள் அதை விற்றுப் பிழைத்தார்கள், அதனால் அதுவும் பிழைத்தது. எனக்கு அதில் பெருமை உண்டு. தமனேவையும் சன்வின் மக்கினையும் எங்கள் தெருவில் யாரும் விற்றதில்லை. அவை சாமிக்கு வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற பண்டங்கள். கிண்டுகிறவர்கள் போனால் அவையும் போய்விடும். அடுக்குமாடி வீட்டில் வாசலில் அடுப்பு மூட்ட இடமும் இல்லை.

1964இல் பத்து வயதில் கப்பலில் வந்த பிள்ளைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், தட்டோனோ மோல்மேனோ ரங்கூனோ, பண்டிகைக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அளவோடு எழுதி வையுங்கள். எங்கள் ஆயாவின் கணக்கு இது: ஒரு படி கவுனி அரிசிக்கு மூன்று ஆழாக்குக் கடலெண்ணெய், இரண்டு முற்றின தேங்காய், இரண்டு ஆழாக்கு வேர்க்கடலை, ஓர் ஆழாக்கு வெள்ளை எள், இரண்டு கைப்பிடி இஞ்சி, ருசிக்கு உப்பு. துடுப்புப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.