எதிர்ப்பு கூடினால் நல்லதுதானே?

நோய் எதிர்ப்பு கூடினால் மகிழ்கிறோம். இன்சுலின் எதிர்ப்பு கூடினால் கவலைகொள்ள வேண்டும். சொல் ஒன்றே, செய்தியோ நேர்மாறானது. வங்காளத்திலும் இதே நிலைதான். 'ரோக் ப்ரொதிரோத்' உடலைக் காப்பது. 'இன்சுலின் ப்ரொதிரோத்' சர்க்கரை நோய்க்கு வழி திறப்பது. கொல்கத்தாவில் மருத்துவ உரையாடல்களின் மொழியை ஆராய்ந்துவரும் எனக்கு, இது நெடுநாள் வெறும் எடுத்துக்காட்டாகவே குறிப்பேட்டில் கிடந்தது.

சென்ற குளிர்காலத்தில், லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு மொழித்துணையாக மருத்துவமனைக்குச் சென்றேன். அவர்களுடைய மகளுக்கு டர்னர் சிண்ட்ரோம். வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தொடங்குவதா என்று அன்று முடிவெடுக்க வேண்டும். ஊசியால் 'இன்சுலின் ப்ரொதிரோத்' சற்றுக் கூடலாம் என்றார் மருத்துவர். கடைத்தெரு வங்காளம் அறிந்த தாய், நான் மொழிபெயர்க்கும் முன்பே முகம் மலர்ந்து திரும்பினார். "எதிர்ப்பு கூடினா நல்லதுதானே, தங்கச்சி?"

பொருளை விளக்கியதும் அந்த மலர்ச்சி அச்சமாயிற்று. "அப்போ சர்க்கரை வந்துடுமா? எங்கம்மா அதுலதான் போனாங்க. ஊசியே வேணாம்." தவறான மகிழ்ச்சியில் ஒப்புக்கொள்வதும் தவறான அச்சத்தில் மறுப்பதும் ஒரே சொல்லின் இரு விளைவுகள். ஆகவே, மருத்துவரிடம் மேலும் சிறிது நேரம் கேட்டுப் பெற்றோம்.

ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் நிலை இது. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாதிருக்கும். இச்சிறுமியரில் பெரும்பாலோருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை. எலும்பு வளர்ச்சிக்குத் துணைசெய்யும் ஷாக்ஸ் மரபணுவின் ஒரு படி இல்லாததே உயரக் குறைவுக்கு முதன்மையான காரணம். சிகிச்சையின்றி வளர்ந்தால் சராசரிப் பெண்ணைவிட 20 சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறையும். 2005-இல் வெளியான கனடிய ஆய்வில், ஊசி பெற்றோர் பெறாதோரைவிட ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தனர்.

அந்த ஊசி கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் பெருகும்போது தசைகள் இன்சுலினின் கட்டளைக்கு எளிதில் பணிவதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. டென்மார்க்கில் கிளவுஸ் கிராவ்ஹோல்ட் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் சேர்த்தே காட்டியது: குறுகிய காலச் சிகிச்சையிலேயே உடற்கொழுப்பும் குறைந்தது, இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனும் குறைந்தது. ஆனால் 2008-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள், சிகிச்சை பெற்ற சிறுமியரையும் பெறாத சிறுமியரையும் ஒப்பிட்டபோது, பெற்றவர்களுக்கே வயிற்றுக்கொழுப்பு குறைவாகவும் சர்க்கரையைக் கையாளும் திறன் மேலாகவும் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், டர்னர் உள்ள பெண்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பிறரைவிடக் கூடுதல். அதனால்தான் பத்து வயது முதல் ஆண்டுதோறும் எச்பிஏ1சி பரிசோதனை செய்யுமாறு பன்னாட்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

மருத்துவர் சொன்னவற்றை அந்தத் தாயிடம் இப்படிச் சொன்னேன்: "ஊசி போடுற காலத்துல, சர்க்கரையைச் சமாளிக்க உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலா இன்சுலின் வேணும்க்கா. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு உடம்பே அதைச் சுரந்துக்கும். சர்க்கரை ஏறுதான்னு பார்க்கத்தான் டெஸ்ட்." அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ ஊசி வேணாம்னாலும் டெஸ்ட் வேணும், இல்லையா?" என்றார். அதைக் கேட்டபோது எனக்கிருந்த கவலை நீங்கிற்று. ஒருவர் விவரமறிந்து ஒப்புக்கொள்வது என்பது அந்தக் கேள்வி பிறக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. சில நாட்களுக்குப் பின் அவர்கள் ஊசிக்குச் சம்மதித்தார்கள்.

இச்சிகிச்சை விலை மிகுந்தது. ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அக்கொள்கையின் உயர் சிறப்பு மையங்களுள் கொல்கத்தாவின் ஐ.பி.ஜி.எம்.இ.ஆர். நிறுவனமும் ஒன்று. தேவைப்படுவோர் விசாரித்துப் பார்க்கலாம்.

மருத்துவப் படிவங்களை மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இன்சுலின் எதிர்ப்பு' என்று எழுதும் இடத்தில், 'உடல் இன்சுலினுக்கு மசியாமை' என்று ஒரு வரி சேருங்கள். 'மசியவில்லை' என்றால் நல்ல செய்தி என்று எந்தத் தாயும் எண்ணமாட்டாள்.