மெதுவாக ஓடக் கற்றுக்கொள்!

"ஒரு நாலு நாள் வந்து இருந்துட்டுத்தான் போயேன்டி" என்று புதுப்பட்டினத்திலிருந்து அக்கா கூப்பிடாத மாதமில்லை. தை பிறந்ததும் ஒருவழியாகக் கிளம்பிவிட்டேன். பையில் மாற்றுப் புடவைகளோடு ஒரு காகிதமும் இருந்தது. ஒன்பதாவது படிக்கும் என் பெண்ணை நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவம். வயசுப் பெண், அதிலும் ஒல்லிக்குச்சி. ஓடி ஓடி உடம்பைக் கெடுத்துக்கொண்டால் என்ன செய்வது? இந்தப் பயத்தில் பதினைந்து நாளாகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். அக்கா பெண் கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். அவளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எண்ணம்.

மாமல்லபுரம் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலை அமைதியாகிவிடுகிறது. சவுக்குத் தோப்பு, உப்பங்கழி, நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். சுமார் பதினைந்து கிலோமீட்டரில் கல்பாக்கம். அதை ஒட்டினாற்போல் புதுப்பட்டினம். அணுமின் நிலையத்துக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கலந்து வாழும் ஊர். கடைத்தெருவில் நாலைந்து மொழி காதில் விழுகிறது!

விடியற்காலை ஐந்து மணி

மறுநாள் இருட்டோடு சமையலறையில் விளக்கு எரிந்தது. அக்கா கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெண் ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "சித்தி, நீங்களும் வாங்க. கடற்கரையில உட்கார்ந்து பார்க்கலாம்" என்றாள்.

போனேன். கட்டுமரங்களும் படகுகளும் கரையேறியிருந்தன. இவள் காற்றாய்ப் பறப்பாள் என்று எதிர்பார்த்தால், எனக்கு ஒரே ஏமாற்றம்! பால் வாங்கப் போகிறவள் கொஞ்சம் அவசரமாக நடந்தால் எப்படியோ, அப்படி ஓடினாள். என்னைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள்.

"என்னடி இது, இப்படி ஓடினா யாரை ஜெயிக்கிறது?" என்று கேட்டே விட்டேன்.

பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய பயிற்சியாளர் சிரித்தார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். "அம்மா, இதைக் கத்துக்கவே இவளுக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

அக்கா சொன்ன கதை

அந்தக் கதையை அன்று மத்தியானம் அக்கா சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, தானே பயிற்சி செய்கிறேன் என்று இவள் தினமும் முழு மூச்சாக ஓடியிருக்கிறாள். அதுவும் கால் புதைகிற மணலில். குண்டாகிவிடுவோம் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே எல்லோரையும் முந்தினாள். எட்டாவது சுற்றில் மைதானத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மாதவிலக்கு நாலு மாதமாக வரவில்லை. அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை!

"சொல்ல வெட்கமாம்! நானும் கேட்கலையேடி..." என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். "ஓட்டத்தை விடச் சொல்லவில்லை. பட்டினியை விடச் சொல்கிறேன்" என்றாராம் டாக்டரம்மா. செலவழிக்கும் சக்திக்குத் தக்கபடி சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும். அப்படியே விட்டால் எலும்பும் பலம் இழக்கும். சகோதரிகளே, நம் வீட்டுப் பெண் ஓடினாலும் சரி, ஆடினாலும் சரி, மூன்று மாதம் விலக்கு வராமல் இருந்தால் அதைச் சௌகரியம் என்று விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் போயாக வேண்டும்.

மூன்று பங்கு மெதுவாக, ஒரு பங்கு வேகமாக

மறுநாள் ஆசிரியரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். வெள்ளிக்கிழமை முழு ஓய்வு. செவ்வாயன்று நானூறு மீட்டராகப் பத்து முறை வேகமாக, நடுநடுவே மெல்லோட்டம். வியாழக்கிழமை இருபது நிமிஷம் சற்று அழுத்தமான ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். தூரத்தையும் வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்.

"மெதுவா ஓடும்போதுதான் இதயம் பலப்படுது, தசைகளுக்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுது. தினமும் வேகமா ஓடினா, உடம்பு ரிப்பேர் பார்த்துக்க நேரம் ஏது?"

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தம் சீடர்களை வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓடவைத்தார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள்!

அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1952-ல் ஹெல்சிங்கியில், செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். நானூறு மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுவதுதான் அவருடைய முறை. வீட்டில் தொட்டி நிறைய அழுக்குத் துணியைப் போட்டு, அதன்மேல் நின்று ஓடியே துவைத்துவிடுவார் என்றும் சொல்வார்கள். (நம் வீட்டுக்காரர்கள் கவனிக்க!) அவர் 5,000 மீட்டரில் ஜெயித்த அன்றைக்கே அவருடைய மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார்.

மனசும் ஓட வேண்டும்

சாயங்காலம் பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினம் போனோம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்தபடி சிதிலமாக நிற்கிறது. உள்ளே செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய கல்லறைகள். ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய துணிகள் கப்பலேறினவாம்.

மதில் நிழலில் உட்கார்ந்து, "ஓடும்போது என்னடி நினைப்பே?" என்று அவளைக் கேட்டேன்.

"பன்னிரண்டரை சுற்று சித்தி. மொத்தமா நினைச்சா மலைப்பா இருக்கும். அதனால இந்தச் சுற்றை மட்டும் நினைப்பேன். இருபது நிமிஷத்துல முடிக்கணும்னா ஒரு சுற்றுக்குத் தொண்ணூற்றாறு விநாடி. முதல் சுற்றுல எல்லாரும் என்னைத் தாண்டிப் போவாங்க. போகட்டும்னு விடறதுதான் கஷ்டம். மூணாவது கிலோமீட்டருக்கு அப்புறம் ‘நின்னுடலாமா’ன்னு மனசு கேட்கும். அப்ப தோளைத் தளர்த்தி, மூச்சை மட்டும் கவனிப்பேன்."

இத்தனை நிதானத்தையும் ஒரே அடியில் இழந்துவிடலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. புதுக்கோட்டைக்காரர் ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர் தங்கம் வென்றவர். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஆனால் ஓடுபாதையின் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டதாகச் சொல்லி, வெண்கலத்தைக் கொடுக்கவில்லை. இருபத்தைந்து சுற்று ஓடிய பிறகு! அதே மாவட்டத்து எல். சூர்யா 2016-ல் குவாஹாத்தியில் தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார்.

‘பெண்ணால் முடியுமா’ என்ற கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்துச் சாய்ந்ததைச் சாக்காக வைத்து அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-ல்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 42 கிலோமீட்டரையும் சொச்சத்தையும் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் ஓடி முடித்தார். 1928-ல் அந்தப் பெரிய மனிதர்கள் பயந்தது போலத்தானே நானும் பயந்து காகிதத்தைப் பையில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே சுருக்கென்றது.

அக்காவின் சமையலறை

ஓடுகிற பெண்ணில் பாதியைச் சமையலறைதான் உருவாக்குகிறது என்பது அக்காவின் கட்சி. ஓட்டம் முடிந்து அரைமணிக்குள் கஞ்சியோ, முட்டையும் இட்லியுமோ. மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. கிடைக்கிற நாளில் மீன். இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வேண்டுமென்று கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சம்பழம். சாப்பாட்டோடு காபி, டீ கிடையாது. அவை இரும்புச்சத்து சேர விடாமல் தடுக்கும். மாலையில் வேர்க்கடலை, வெல்லம். கடலோர வெயிலில் வேர்வை ஊற்றுகிறதே, அதற்கு உப்புப் போட்ட நீர்மோர். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். டி.வி. தொடருக்கு அக்கா முழுக்குப் போட்டுவிட்டாள்!

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு நீண்ட ஓட்டம். தெற்கே ஏழு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு மாமா மொபெட்டில் பின்னாலேயே போனார். நானும் அக்காவும் வாசலில் காத்திருந்தோம். வெளிச்சம் வந்த பிறகு சாலை வளைவில் தெரிந்தாள். போனதைவிடத் திரும்பி வந்தது இரண்டு நிமிஷம் குறைவு என்று மாமா கடிகாரத்தைக் காட்டினார். முகமெல்லாம் வேர்வை, ஆனால் களைப்பில்லை. அக்கா ஒன்றும் கேட்காமல் மோர்ச் செம்பை நீட்டினாள். அந்த முகத்தில் பழைய பயம் இல்லை, கவனம் இருந்தது. பயத்துக்கும் கவனத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அன்று மத்தியானம் பஸ் ஏறுமுன் அக்கா வீட்டு மேஜையிலேயே காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வந்து பெண்ணிடம் கொடுத்தபோது துள்ளிக் குதித்தாள்.

"மூணு நிபந்தனை" என்றேன். "நாளைக்கு ரத்தப் பரிசோதனை. ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டக் கூடாது. உடம்புல எந்த மாறுதல் வந்தாலும் அம்மாகிட்ட வெட்கப்படாம சொல்லணும்."

"சரிம்மா. எவ்வளவு வேகமா ஓடப் போறேன் பாரு!"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல மெதுவா ஓடக் கத்துக்கோ" என்றேன்.