இரண்டு பற்றரி, ஒரு வயர்

"ஐயா, பற்றரி நல்ல பற்றரியாம். இஞ்சினிலயும் பழுதில்லையாம். அப்ப நாங்கள் கடலில கிடந்ததுக்கு ஆர் பொறுப்பு?"

திருகோணமலையில் சட்டத்தரணியாக இருக்கும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதை இன்றுவரை மறக்கவில்லை. கேட்டவர் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குப் போகும் மீனவர். 28 அடி ஒருநாள் படகு, உள்ளே டீசல் இஞ்சின். 2009 இல் போர் முடிந்தபின் கடற்கட்டுப்பாடுகள் தளர்ந்து, இரவுத் தொழில் மறுபடி சூடுபிடித்திருந்த காலம் அது.

அதுவரை அவருடைய படகில் ஒரே பற்றரி. லைற், ஜீபிஎஸ், ரேடியோ, இஞ்சின் ஸ்ராட் எல்லாம் அதிலேதான். விடியும்போது இஞ்சின் எழும்புமோ என்ற பயத்தோடு ஒவ்வொரு இரவும் போயிருக்கிறது. அதனால் நகரத்துக் கடையொன்றில் இரண்டாவது பற்றரி வாங்கினார். பொருத்தித் தந்ததும் அதே கடைதான். "ஒன்று இஞ்சினுக்கு, ஒன்று லைற்றுக்கு" என்று சொல்லியே வாங்கியதாக அவரும், உடனிருந்த மருமகனும் உறுதியாகச் சொன்னார்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் ஓர் இரவு, கொட்டியாரக்குடாவின் வாயைத் தாண்டி வலை விட்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் லைற் மங்கி அணைந்தது. சாவியைத் திருப்பினால் இஞ்சின் 'டக்' என்றதோடு சரி. ரேடியோவும் ஊமை. நங்கூரத்தை விட்டால் கயிறு முடிந்தும் தரை தட்டவில்லை. குடாவின் வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழ இறங்கும் இடம் அது. கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று. இருட்டில் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்று வலையை அறுத்துக்கொண்டு போனது. மறுநாள் நண்பகலில்தான் வேறொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது.

பழுதான பற்றரி விற்றீர்கள் என்று கடைக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். இரண்டு பற்றரிகளையும் சார்ஜ் ஏற்றிச் சோதித்ததில் 12.7 வோல்ற் காட்டுகிறது, பழுதே இல்லை என்று பதில் வந்தது. அது உண்மை. என் கடிதம் பிழையான இடத்தைப் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிறு அனுபவமுள்ள வயரிங் பாஸ் ஒருவரை அழைத்துக்கொண்டு கொட்பேக்குப் போனேன். இஞ்சின் மூடியைத் திறந்ததுமே அவர் ஒரு தடித்த வயரைத் தொட்டுக் காட்டினார். ஒரு பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து மற்றதன் பிளஸ்ஸுக்கு நேராகப் போயிருந்தது. இடையில் சுவிச்சும் இல்லை, ரிலேயும் இல்லை.

"இது ரெண்டு பற்றரி இல்லை ஐயா. ஒரே பெரிய பற்றரி."

கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டினார். 60 வற் குமிழ் இரண்டு எரிந்தால் 10 அம்பியர். ஜீபிஎஸ்ஸும் ரேடியோவும் சேர்ந்து ஒரு 2. பத்து மணித்தியாலத்தில் 120 அம்பியர்-மணி. பற்றரிகள் ஒவ்வொன்றும் 70, இரண்டும் சேர்ந்தால் 140. நேராக இணைத்தபடியால் இரண்டும் ஒன்றாகவே வற்றிவிட்டன. டீசல் இஞ்சினை எழுப்பச் சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும். வற்றிய பற்றரி அதைத் தராது. இடையில் வோல்ற்றேச்சை உணரும் ரிலே ஒன்று இருந்திருந்தால், இஞ்சின் ஓடிச் சார்ஜ் 13.3 வோல்ற் அளவுக்கு ஏறும்போது இரண்டையும் இணைத்திருக்கும். இஞ்சின் நின்று 12.8 அளவுக்கு இறங்கும்போது பிரித்திருக்கும். லைற் எவ்வளவு இழுத்தாலும் இஞ்சின் பற்றரி நிறைந்தே இருந்திருக்கும்.

பொருள்கள் எல்லாம் நல்லவை, அவற்றை இணைத்த கைதான் பிழைத்தது. சட்டத்தில் அதற்கும் இடமுண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் தரப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமலே உள்ள உத்தரவாதமாகக் கொள்கிறது. நமது உரோம-டச்சுச் சட்டமும், ஒரு தொழிலைத் தெரியுமென்று கையேற்றவனின் தெரியாமையைக் குற்றமாகவே எண்ணுகிறது.

தொகை சிறிது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். அங்கே கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பேச முடியாது. பாடசாலை வகுப்பறையில் மூன்று மத்தியஸ்தர்கள் முன் அந்த மீனவரே பேசினார். இரண்டு பற்றரி, ஒரு குமிழ், ஒரு மீற்றர், அந்த வயர் ஆகியவற்றை மேசையில் வைத்தார். வயரோடு லைற்றைப் போட்டபோது இஞ்சின் பற்றரியிலும் எண் இறங்கியது. வயரைக் கழற்றிவிட்டுப் போட்டபோது அசையவில்லை.

ஒரு மத்தியஸ்தர் சரியான கேள்வியைக் கேட்டார்: பிரித்துப் பொருத்தியிருந்தால் லைற் இன்னும் முந்தியல்லவா அணைந்திருக்கும்? வலை எப்படித் தப்பும்?

"லைற் மங்கினா நான் இஞ்சினை ஸ்ராட் பண்ணுவன். இஞ்சின் ஓடினா லைற் திரும்ப வரும். அதுக்குத்தானே ஐயா ரெண்டாவது பற்றரி வாங்கினனான்."

வெளியே மரநிழலில் நின்ற என்னிடம் அவர் இதைச் சொன்னபோது, நான் எழுதியிருக்கக்கூடிய எந்த வாதத்தையும்விட இது தெளிவாக இருந்தது.

அன்றே இணக்கம் ஏற்பட்டது. ரிலேயும் பியூஸும் போட்டு இலவசமாக மறுவயரிங், வலையின் பெறுமதியில் பாதி. கடைக்காரரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மோட்டார் வாகனத்துக்கு வயரிங் செய்து பழகிய ஒருவரைப் படகுக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் வாகனம் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் யார் தள்ளுவது?

கடற்தொழில் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாவது பற்றரி வாங்கும்போது அது எதற்காக என்பதையும், பொருத்துவது யார் பொறுப்பு என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பொருத்தி முடிந்ததும் கரையிலேயே, இஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் விட்டு, லைற் எல்லாம் போட்டு, இஞ்சின் பற்றரியில் மீற்றரை வைத்துப் பாருங்கள். எண் இறங்கினால் அந்தப் படகைக் கடலுக்கு எடுக்காதீர்கள்.