பக்கத்து பெஞ்சில் யார்?

“பாவம், ஜெர்மனி போயும் பிள்ளையை கவர்ன்மென்ட் ஸ்கூல்லயா போட்டிருக்கீங்க?” ஓசூரிலிருந்து அண்ணி உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவர் வீட்டில் எல்.கே.ஜி. அட்மிஷனுக்காகச் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்திருக்கிறார்கள். கோபம் அவர்மேல் இல்லை; இப்படி நினைக்கப் பழக்கிய நிலைமைமேல்தான்.

ஸ்டுட்கார்ட்டில் எந்தத் தெருவுக்கு எந்த அரசுத் தொடக்கப்பள்ளி என்பது முன்பே வரையறுக்கப்பட்டது. என் மகளுக்கு ஒரு பக்கம் டாக்டரின் பையன், மறுபக்கம் குப்பை வண்டி ஓட்டுநரின் பெண். தனியார் பள்ளிகளும் உண்டு. நாட்டின் மாணவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அவற்றில் படிக்கிறார்கள். ஆனால், பெற்றோரின் வசதியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்க அவை இடம்கொடுக்கக் கூடாது என்கிறது 1949 அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவு. நடைமுறையில் ஓட்டைகள் இருக்கலாம். இருந்தாலும் இந்த நாட்டின் கார்களையும் சாலைகளையும்விட இந்த ஒரு வரியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓசூரில் காலை பாகலூர் ரோட்டில் நின்று பாருங்கள். மேனேஜர் பிள்ளைக்கு சி.பி.எஸ்.இ. பள்ளியின் ஏ.சி. பஸ். சிப்காட் தொழிற்பேட்டையில் பெர்மனன்ட் ஆனவர் பிள்ளைக்கு மெட்ரிக் பள்ளியின் மஞ்சள் வேன். கான்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளை அரசுப் பள்ளிக்கு நடக்கிறது. தகப்பன்மார் மூவரும் ஒரே கேட்டில் நுழைகிறவர்கள்! 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர் கல்வி வந்து, மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றாகிவிட்டது. பிறகு எதற்கு அவ்வளவு ஃபீஸ்? இங்கிலீஷுக்காம். பாதிக்கு மேல், பக்கத்து பெஞ்சில் யார் உட்காரக் கூடாது என்பதற்குத்தான் என்பேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களும் ஏழைப் பிள்ளையைத் தனியாரிடம் அனுப்பிவிட்டு, ஃபீஸை அரசே கட்டும் ஏற்பாடுதான்.

அதற்காக, இங்கே யாராவது நம் அரசுப் பள்ளியை மட்டமாகப் பேசினால் விடமாட்டேன். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஓசூர் அரசுப் பள்ளியில் படித்தவர். எங்கள் எல்லைப் பகுதி அரசுப் பள்ளிகளில் தெலுங்கு, கன்னடம், உருது வழியிலும் வகுப்புகள் உண்டு. எந்தத் தனியார் அதைச் செய்வார்? 2022 முதல் தொடக்கப்பள்ளியில் காலை உணவு. 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. ஜெர்மனியிலோ, எங்கள் மாநிலத்தில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைத் தரம் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்து வயதில் என்ன தெரியும்? நம் ஊரில் பத்து வயதில் யாரும் அப்படித் தள்ளப்படுவதில்லை.

சமீபத்தில் மகள் பள்ளியில் கழிவறைக் குழாய் உடைந்துகிடந்தது. பெற்றோர் கூட்டத்தில் அந்த டாக்டர்தான் எழுந்து கேட்டார். அந்த வாரமே எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியானது. ஓசூரில் அப்படி எழுந்து கேட்கக்கூடியவர்கள் டெர்ம் ஃபீஸ் கட்டிக்கொண்டு வேறு பள்ளிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.